16,500 ரூபாய் போச்சு: எடை குறைப்பு ஆபரேஷன் செய்தவர்கள் ஷேக் டின் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

நேற்று ராத்திரி பத்து மணிக்கு என் போட்டோவை ஒரு விளம்பரத்தில் பார்த்தேன். நாத்தனார்தான் அனுப்பினாள், "அண்ணி, இது நீங்கதானே?" என்று கேட்டு. இடது பக்கம் 114 கிலோவில் நான். வலது பக்கம் 97 கிலோவில் நான். மேலே பெரிய எழுத்தில் "எங்கள் ஷேக் மட்டும் குடித்து இரண்டே மாதத்தில் 17 கிலோ". ஆபரேஷன் என்ற வார்த்தையே அதில் இல்லை.

ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. காலையில் தையல் மெஷினில் உட்காராமல் இதை எழுதுகிறேன். அந்த விளம்பரத்தைப் போட்ட இடத்தில்தான் நான் 16,500 ரூபாய் ஏமாந்தேன். எப்படி ஏமாந்தேன் என்பதைச் சொல்கிறேன். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்ன குடிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதையும் கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். வீட்டிலேயே ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். சுகர், பிரஷர், முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தொல்லை எல்லாம் சேர்ந்த பிறகுதான் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் கம்பெனி இன்சூரன்ஸில், ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்லீவ் செய்தார்கள். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மீதி இருப்பது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். மருத்துவமனை மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. முதல் நாள் 30 மில்லி பிடிக்கிற சின்ன கப்பைக் கையில் கொடுத்து, கால் மணி நேரத்துக்கு ஒரு கப் என்று நர்ஸ் பக்கத்திலேயே நின்று குடிக்க வைத்தார். டயட்டீஷியன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: ஒரு நாளைக்கு 60 முதல் 70 கிராம் புரோட்டீன், ஒன்றரை லிட்டராவது தண்ணீர், சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும்.

அவர் எழுதிக் கொடுத்த வே புரோட்டீனை, அதாவது பாலிலிருந்து எடுக்கும் புரோட்டீன் பவுடரை, மூன்று வாரம் குடித்தேன். அப்புறம் அந்த வாசனையே குமட்ட ஆரம்பித்தது. ஆபரேஷனுக்குப் பிறகு நாக்கு மாறிவிடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அப்போதே அவருக்கு ஒரு போன் போட்டு வேறு ஒன்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

எங்கள் பக்கம் தெருவுக்கு ஒன்று இருக்கிற மாதிரி, ஒரு வீட்டு மாடியில் காலை ஆறு மணிக்குத் திறந்து பத்து மணி வரை ஷேக் கலந்து கொடுக்கிற ஒரு 'ஹெல்த் சென்டரில்'தான் போய் மாட்டிக்கொண்டேன். பெயரை எழுதவில்லை. நாத்தனார் பையன் சட்டம் படிக்கிறான், "புகார் ஓடுற நேரத்துல பேர் போடாதீங்க அத்தை" என்றான்.

ஐந்தாவது வாரம். டாக்டர் சொன்னபடி காலையில் நடந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் நின்ற பெண், முப்பது வயது இருக்கும், "வாங்கக்கா, சும்மா வெயிட் மட்டும் பாத்துட்டுப் போங்க, காசு வேணாம்" என்றாள். ஏறினேன். வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, ஜாக்கிரதையாக இருக்கணும் என்றேன். உடனே கேட்டாள்: "ஸ்லீவா, பைபாஸாக்கா?"

பைபாஸ் என்பது எடை குறைக்கச் செய்யும் இன்னொரு வகை ஆபரேஷன். இந்த ஒரு கேள்வியில்தான் விழுந்தேன். என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எதிர் வீட்டில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று பேச்சு. யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியாமல் சோர்ந்து போயிருந்த நேரத்தில், ஒருத்தி சரியான வார்த்தையைச் சொல்லிக் கேட்கிறாள். அப்புறம் சாம்பிளுக்கு ஒரு டம்ளர் ஷேக் கொண்டு வந்து வைத்தாள். அதிலிருந்த ஸ்ட்ராவைத் தானே உருவி எடுத்துவிட்டு, "உங்களுக்கு ஸ்ட்ரா கூடாதுக்கா, காத்து உள்ள போயிடும். கொஞ்சம் கொஞ்சமா சிப் பண்ணுங்க" என்றாள். மருத்துவமனையில் சொன்ன அதே வார்த்தை. அம்மாவுக்கும் இதே ஆபரேஷன் என்றாள். மறுநாள் நானே டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு போனேன். வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள். "புரோட்டீன் அறுபது எழுதியிருக்காங்க. நம்ம ஒரு ஸ்கூப்ல இருபத்திநாலு. மூணு வேளைக்கு மூணு ஸ்கூப். கணக்கு முடிஞ்சுதுக்கா."

மூன்று டின், ஒவ்வொன்றும் ஒரு கிலோ, 5,500 வீதம் 16,500 ரூபாய். ஒரு மாதக் கோர்ஸ். பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்க்கா, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றாள். ஜிபேயில் போட்டபோது வேறு யாரோ ஒருவர் பெயர் வந்தது. அக்கவுண்ட் எங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு என்றாள். சரி என்று அழுத்தினேன். ஒரு லைனிங் ப்ளவுஸுக்கு 250 ரூபாய் வாங்குகிறேன். 16,500 என்றால் 66 ப்ளவுஸ். காஜா, ஹெம்மிங் எல்லாம் சேர்த்து 66 ப்ளவுஸ்.

நாலைந்து நாளில் ஆரம்பித்தது. ஷேக் குடித்த இருபது நிமிடத்தில் நெஞ்சு படபடப்பு, வயிற்றை முறுக்கி பேதி. சில நாள் ஒன்றரை மணி நேரம் கழித்துக் கை நடுங்கி, ஜாக்கெட் நனைகிற அளவுக்கு வியர்வை. அவளுக்குப் போன் செய்தேன். "உடம்பு டீடாக்ஸ் ஆகுதுக்கா, கழிவு வெளிய போகுது, நல்ல விஷயம்தான். நிறுத்திடாதீங்க" என்றாள். நிறுத்தவில்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள் மெஷினில் உட்கார்ந்திருந்தபோதே கண் இருட்டிவிட்டது. என் மகள் பாப்பா குளுக்கோமீட்டரில் பார்த்தாள், சுகர் 61தான். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, கொஞ்சம் தெளிந்ததும் ஆட்டோ வைத்து மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கிளம்பும்போது அந்த டின்னையும் பையில் போட்டாள். அவளுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை.

டயட்டீஷியன் டின்னைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். சத்து அட்டவணை இருந்த இடம் மேடாக இருந்தது. நகத்தால் சுரண்டினார். ஸ்டிக்கர். அதைப் பிய்த்ததும் கீழே பழைய லேபிள். சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்கிற மாவுச்சத்துப் பவுடர், இரண்டாவது சர்க்கரை. எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதியாம், அதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். புரோட்டீன் 100 கிராமுக்கு 9 கிராம். ஒரு ஸ்கூப் 30 கிராம். மருந்துச் சீட்டின் பின்னாலேயே கணக்குப் போட்டார். ஒரு ஸ்கூப்புக்கு 2.7. மூன்று ஸ்கூப்புக்கு 8.1. அவள் சொன்னது 72. அந்த 8.1-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டு என் பக்கம் தள்ளினார்.

எனக்கு வந்ததற்குப் பெயர் டம்பிங். இரைப்பையைக் குறைத்த பிறகு, சர்க்கரை அதிகமுள்ள பானம் சிறுகுடலுக்குள் வேகமாக இறங்கிவிடும். முதலில் படபடப்பும் பேதியும். அப்புறம் உடம்பு இன்சுலினை அதிகமாகச் சுரந்து, ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் சுகர் கீழே போய்விடும். பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம் வரும், ஸ்லீவிலும் வரும் என்றார். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் இனிக்காவிட்டாலும் உள்ளே போய் சர்க்கரையாகத்தான் வேலை செய்யும். ரத்தத்தில் இருக்கிற ஆல்புமின் என்ற புரோட்டீனும் குறைந்திருந்தது. கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைந்துவிட்டது. முடி கொட்டுவதைப் பற்றிக் கேட்டேன். ஆபரேஷன் ஆன மூன்றாவது மாதத்திலிருந்து எப்படியும் கொஞ்சம் கொட்டும், எல்லாவற்றுக்கும் அந்த டின்னைக் காரணம் சொல்ல முடியாது என்று நேர்மையாகவே சொன்னார்.

மறுநாள் மாடிக்குப் போனேன். பிய்த்த ஸ்டிக்கரைக் காட்டினேன். "அது பழைய ஸ்டாக்கோட லேபிள்க்கா, உள்ள இருக்கிறது புதுசு" என்றாள். அப்படியென்றால் திருப்பி எடுத்துக்கொள் என்றேன். திறந்த டின்னை எடுக்க மாட்டார்களாம். மூன்றாவது டின் சீல் கூட உடைக்கவில்லையே என்றேன். அதற்கு மேலே கேட்கணும், ஹெட் ஆபீஸில் பேசுங்கள் என்று ஒரு நம்பர் கொடுத்தாள். அந்த நம்பரில் இந்தியில் ஒருவர் பேசினார், எனக்கு இந்தி தெரியாது. பாப்பா பேசினாள். உங்கள் கோச்சைத்தான், அதாவது அந்தப் பெண்ணைத்தான், கேட்க வேண்டும் என்றாராம். கோச்சைக் கேட்டால் ஹெட் ஆபீஸ். இப்படியே பத்து நாள். அப்புறம் அவளுக்கு ஜுரம். அப்புறம் ஊரில் சாவு. மெசேஜ் போட்டால் ப்ளூ டிக் விழும், பதில் வராது. வீட்டுக்காரர் நேரில் போய்க் கேட்டதற்கு, "நாங்க எல்லாருக்கும் நல்லதுதான் பண்றோம்ணே, உங்க வீட்டுல அக்கா உடம்புதான் ஏத்துக்கல" என்றாளாம். இரைப்பையில் முக்கால் பங்கை இழந்துவிட்டு வந்தவளிடம், உன் உடம்பு சரியில்லை என்கிறாள். போன வாரம் அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் என் 16,500 ரூபாயைப் பற்றிக் கேட்டேன். இரண்டு நிமிடத்தில் என்னைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் இந்தப் போட்டோ. முதல் வாரமே பழைய போட்டோ ஒன்று அனுப்புங்கள், முன்னேற்றத்தைக் குறித்து வைக்கிறேன் என்று கேட்டிருந்தாள். இரண்டாவது போட்டோவை அவளே எடுத்தாள். நன்றாகத் தெரிந்தே செய்திருக்கிறாள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்தவள் அவள். 16,500 போனதை விட இதுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. என் முகத்தைப் பார்த்து நம்பி இன்னும் எத்தனை பேர் ஜிபே அழுத்துவார்கள்?

1915, தேசிய நுகர்வோர் உதவி எண். நேற்றைக்கு முன்தினம் கூப்பிட்டேன், தமிழிலேயே பேசினார்கள், புகார் எண் கொடுத்தார்கள். பில் இல்லாவிட்டாலும் ஜிபே விவரம், மெசேஜ், டின், ஸ்டிக்கர் எல்லாவற்றையும் பத்திரமாக வைக்கச் சொன்னான் நாத்தனார் பையன். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரைக்குமான புகாருக்குக் கட்டணம் கிடையாதாம். டின்னில் இருந்த உரிம எண்ணையும் அவன்தான் எண்ணிப் பார்த்தான். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொடுக்கும் எண் 14 இலக்கம் இருக்க வேண்டும். அந்த ஸ்டிக்கரில் 12. இன்னொன்றும் சொன்னான். 'ஹெல்த் டிரிங்க்' என்று உணவுச் சட்டத்தில் ஒரு வகையே இல்லை, அந்தப் பெயரில் மால்ட் பானங்களை விற்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் ஆன்லைன் கடைகளுக்கே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சொல்லியிருக்கிறது. நான் அந்த மாடியில் போய்க் கேட்டதே "ஒரு நல்ல ஹெல்த் டிரிங்க் இருக்கா" என்றுதான்.

என்ன குடிக்கலாம் என்று விளக்கமாக எழுதுவதாகச் சொன்னேன். பதினோரு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், போட்டோவுக்காகத் தனிப் புகார். அதனால் அவசரமாகச் சிலது மட்டும். டின்னை வாங்கும் முன்பே லேபிளைப் போட்டோ எடுத்து உங்கள் டயட்டீஷியனுக்கு அனுப்புங்கள், வேறு யாரிடமும் கேட்காதீர்கள். லேபிள் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். முதல் மூன்று பெயருக்குள் சர்க்கரையோ மால்ட்டோடெக்ஸ்ட்ரினோ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பன்னீர் சோடா, கோலி சோடா, கேஸ் போட்ட எதுவும் வேண்டாம். ரோஸ் மில்க், சர்பத், பாட்டில் ஜூஸ் எல்லாம் டம்பிங்தான். பருப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு புரோட்டீன் போய்விட்டது என்று இருந்துவிடாதீர்கள், சத்து அடியில் தங்கும் பருப்பில் இருக்கிறது. எனக்கு இப்போது ஒத்துக்கொள்வது உப்பு குறைத்த நீர்மோர், வடிகட்டிய ரசம், கொழுப்பு எடுத்த பால், மணமே இல்லாத வே புரோட்டீனை மோரில் கலந்தது. இதுவும் டயட்டீஷியன் சொன்னதுதான், உங்களுக்கு வேறு சொல்லலாம். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். படபடப்பு, நடுக்கம் வந்தால் டீடாக்ஸ் என்று யார் சொன்னாலும் கேட்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

விளம்பரத்திலிருந்து அந்தப் போட்டோவை இன்னும் நீக்கவில்லை, இப்போதுகூடப் பார்த்தேன். மொட்டை மாடி, பச்சைச் சுடிதார், பின்னால் கறுப்புத் தண்ணீர் டேங்க். உங்கள் போனுக்கு வந்தால் அது நான்தான். அந்த 17 கிலோ ஆபரேஷனால் குறைந்தது. அனுப்பியவர்களிடம் அதைச் சொல்லுங்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கும் அனுப்புங்கள், புகாரோடு சேர்க்க வேண்டும்.