விதை புடிக்கிற வலைப்பை வாங்கலாமா?

கல்யாணத்துல ரிட்டர்ன் கிஃப்ட் போட்டு குடுப்பாங்களே அந்த ஆர்கன்சா சுருக்குப்பை, அதையேதான் விதைப்பைன்னு பேர் வெச்சு ஆன்லைன்ல விக்கிறாங்க, ஆனா வேலை செய்யுதுங்க. காசித்தும்பை காய் முத்திட்டா லேசா விரல் பட்டாலே டப்புன்னு வெடிச்சு தோல் சுருண்டு விதை நாலாபக்கமும் தெறிச்சுடும், பச்சையா இருக்கும்போதே பையை மாட்டி கயித்தை இறுக்கிட்டா அத்தனையும் உள்ளயே விழுது. சங்குப்பூவுக்கும் ஓகே. செண்டுமல்லிக்கு தண்டம், பூ காஞ்சதும் கிள்ளி உதிர்த்தாலே போதும், அதுவும் எஃப்1 ஹைப்ரிட்னா (ரெண்டு ரகத்தைக் கலந்து உண்டாக்குன முதல் தலைமுறை விதை) அடுத்த தலைமுறை அதே மாதிரி வராது.

கயிறு படு மட்டம், இழுத்தா உருவிக்கிட்டு வருது. மழையில பை ஈரத்தைப் புடிச்சு காய் பூசணம் பூக்குது, நனைஞ்சா உடனே கழட்டிடுங்க. சேமிக்கிறதுக்கு இது வேணாம், நிழல்ல காயவெச்சு பேப்பர் கவர்ல போட்டு தேதி எழுதிடுங்க. சின்ன சைஸே வாங்குங்க, பெருசு காத்துல கிளையையே சாய்க்குது.