ஜிடி40-க்கு எந்த பாடி: லெக்சானா, ரெசினா, பிளாஸ்டிக் கிட்டா?

பழைய பாணி ஸ்லாட் கார் ஒன்றைச் சொந்தமாகக் கட்ட உட்காருகிறவர்கள் முதலில் பேச ஆரம்பிப்பது மோட்டாரைப் பற்றித்தான். எத்தனை ஆர்.பி.எம்., நேர்வாக்கில் வைப்பதா குறுக்கே வைப்பதா, பித்தளை சேசிஸா ரெடிமேடா என்று பேச்சு நீளும். பாடி கடைசியில்தான் வரும், பாத்திரத்துக்குத் தேடிப் பிடித்த மூடி மாதிரி. என் கணக்கு இதற்கு நேர் எதிர். பாடி எதனால் ஆனது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் பெயிண்ட், எடை, சேசிஸின் அகலம், டிரைவர் பொம்மைக்கு கால் வைக்கலாமா வேண்டாமா என்பது வரை பாதி விஷயங்கள் தானாகத் தெளிந்துவிடும்.

புதியவர்களுக்கு இரண்டு வரி. ட்ராக்கில் ஒரு பள்ளம், அதன் இரு கரையிலும் மின்சாரம் ஓடும் உலோகப் பட்டை. காரின் மூக்கடியில் இருக்கும் கைடு அந்தப் பள்ளத்தில் இறங்கி ஓடும். கைடின் இரு பக்கமும் இருக்கும் செப்புப் பின்னல் மின்சாரத்தை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும். 1957-ல் இங்கிலாந்தில் ஃப்ரெட் ஃபிரான்சிஸ் ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கைக் கொண்டுவந்தபோது கார்கள் தகரத்தில் இருந்தன, 1960-ல் பிளாஸ்டிக்குக்கு மாறின. அமெரிக்காவில் 60-களின் நடுவில் ஊருக்கு ஊர் பெரிய ட்ராக் போட்ட கூடங்கள் முளைத்தன. காசு கொடுத்து மணிக்கணக்கில் ஓட்டினார்கள். காக்ஸ், மோனோகிராம், ரெவெல், ரஸ்கிட், ஸ்ட்ராம்பெக்கர் எல்லாம் போட்டி போட்டு விற்றன. பத்தாண்டு முடிவதற்குள் அந்த அலை ஓய்ந்துவிட்டது. இன்று 'விண்டேஜ்' என்று கட்டுவது பெரும்பாலும் அந்தக் காலத்து கார்களைத்தான்.

ஒப்பிடுவதற்கு ஒரே காரை எடுத்துக்கொள்வோம்: 60-களின் பந்தய கார் ஃபோர்டு ஜிடி40. பெயரில் இருக்கும் 40 அதன் உயரம், அங்குலத்தில். அதாவது 1016 மி.மீ. 1/32 அளவில் அது 32 மி.மீ.-க்குச் சற்றுக் குறைவு, 1/24-ல் 42 மி.மீ.-க்குச் சற்று அதிகம். இவ்வளவு தாழ்வான கூரைக்கு அடியில் மோட்டார், கியர், டிரைவர் எல்லாம் அடங்க வேண்டும். அதனால்தான் இந்த கார் நல்ல சோதனை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே நிஜ காரில் 2413 மி.மீ.; 1/32-ல் அது 75.4, 1/24-ல் 100.5. பாடியை வாங்கியதும் சக்கர வளைவுகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்து பாருங்கள். 60-களில் ஒரே சேசிஸில் பல பாடிகளை மாட்டுவதற்காக நீளத்தைக் கூட்டிக் குறைத்து வார்த்தவர்கள் உண்டு. அந்த அச்சுகளின் வாரிசுகள் இன்னும் சுற்றுகின்றன. இரண்டு மூன்று மி.மீ. குறைந்தாலே ஜிடி40 கார்ட்டூன் மாதிரி தெரியும்.

லெக்சான்

பாலிகார்பனேட் தாளைச் சூடாக்கி, அச்சின் மேல் கவிழ்த்து, காற்றை உறிஞ்சி எடுக்கும் பாடி இது. பழைய காலத்தில் இதே வேலைக்கு பியூட்டிரேட் தாள் பயன்பட்டது. பியூட்டிரேட் பாடி பல வருடம் அடைந்து கிடந்த டப்பாவைத் திறந்தால் கெட்டுப்போன வெண்ணெய் வாடை முகத்தில் அடிக்கும். பியூட்டிரிக் அமிலத்தின் கைங்கரியம் அது. லெக்சானில் அந்தத் தொல்லை இல்லை.

இதன் பலம் எடை. 1/32 அளவில் பெயிண்டோடு சேர்த்தே 10 கிராமுக்குள் அடங்கும். அதே அளவில் பிளாஸ்டிக் பாடி சுமார் 20 கிராம், ரெசின் 30-ஐச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். காரின் மொத்த எடை முக்கியமில்லை, அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். கூரையில் கூடுகிற ஒவ்வொரு கிராமும் வளைவில் காரை வெளிப்பக்கம் சாய்க்கும். கடையில் வாங்கும் கார்களில் அடியில் காந்தம் இருக்கும். அது ட்ராக்கின் இரும்புப் பட்டையைப் பிடித்துக்கொள்வதால் இந்தக் குறை வெளியே தெரியாது. மர ட்ராக்கில் செப்பு நாடா ஒட்டி ஓட்டும்போது காந்தத்துக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. அங்கே லெக்சான் ராஜா.

பெயிண்ட் அடிக்கும் முறைதான் தலைகீழ். உள்ளிருந்து அடிக்க வேண்டும், வெளியே எல்லாவற்றுக்கும் மேலே தெரிய வேண்டியதை முதலில். 1966 லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் புரூஸ் மெக்லாரனும் கிரிஸ் ஏமனும் ஜெயித்த 2-ஆம் எண் காரை எடுத்துக்கொண்டால், கறுப்பு உடம்பு, வெள்ளிக் கோடுகள். முதலில் வெள்ளிக் கோடு, அது மறுபக்கம் தெரியாத அளவுக்கு அடர்த்தியாக, பிறகுதான் கறுப்பு. வெள்ளியை மெல்லிசாக அடித்துவிட்டுக் கறுப்புக்குப் போனால் கோடு சாம்பல் நிறமாகிவிடும். 1968, 1969 இரண்டு வருடமும் அங்கே ஜெயித்த, கல்ஃப் எண்ணெய் கம்பெனியின் நிறங்களில் ஓடிய கார் இன்னும் சிக்கல். (இரண்டு முறையும் ஜெயித்தது ஒரே கார், சேசிஸ் எண் 1075. பழைய கார் என்று ஒதுக்கப்பட வேண்டியது, 1969-ல் போர்ஷேவைக் கடைசிச் சுற்றில் நூறு மீட்டர் சொச்சத்தில் முந்தியது.) அதன் வெளிர் நீலம் ஒளி ஊடுருவும் நிறம், நடுவில் ஆரஞ்சுப் பட்டை. முதலில் ஆரஞ்சு, அதன் முதுகில் மட்டும் வெள்ளை, அப்புறம் நீலம், கடைசியில் மொத்தத்துக்கும் வெள்ளை. ஆரஞ்சின் முதுகில் நேரடியாக நீலம் பட்டால் பட்டை பழுப்படித்துப் போகும். வட்டத்துக்குள் இருக்கும் எண்ணையும் உள்ளிருந்தே போடலாம்: எண் முதலில், கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, பிறகு வெள்ளை வட்டம். வெளியே ஒட்டிய ஸ்டிக்கர் இரண்டு மோதலில் கிழியும், உள்ளே இருப்பதை எதுவும் தொடாது.

ஸ்ப்ரே டப்பா வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. டமியாவில் பிஎஸ் வரிசை பாலிகார்பனேட்டுக்கு, டிஎஸ் வரிசை கெட்டி பிளாஸ்டிக்குக்கு. மாற்றி அடித்தால் டிஎஸ் லெக்சானிலிருந்து செதில் செதிலாக உரியும், பிஎஸ் பிளாஸ்டிக்கை அரிக்கும். இரண்டையும் அலமாரியில் வேறு வேறு தட்டில் வைப்பது புத்திசாலித்தனம்.

சரி, லெக்சான் எங்கே தோற்கிறது? முகத்தில். தாள் அச்சின் மேல் படியும்போது கதவு விளிம்பும் மூடிக் கோடுகளும் மழுங்கிவிடும். ஜிடி40-யின் கதவு கூரைக்குள் வெட்டி ஏறும். அந்தக் கோடு மங்கினால் காரின் அடையாளமே போச்சு. பெயிண்டுக்கு முன்பு உள்பக்கம் மெல்லிய மை பேனாவால் கோடு வரைந்து சமாளிக்கலாம், ஆனால் அது வரைந்த கோடு என்பது அரை அடி தூரத்திலேயே தெரியும். கண்ணாடியும் உடம்பும் ஒரே தாள் என்பதால் இரண்டுக்கும் ஒரே மினுமினுப்பு வேறு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் லெக்சான் மற்ற இரண்டையும் மிஞ்சும்: முகப்பு விளக்கு. நிஜ காரில் விளக்குகள் தெளிந்த மூடிக்குப் பின்னால் இருக்கும். அந்த இடத்தைப் பெயிண்ட் படாமல் விட்டு, பின்னால் சின்ன விளக்குக் கிண்ணத்தை ஒட்டினால் அவ்வளவு அழகு.

ரெசின்

சிலிகான் அச்சில் கையால் ஊற்றி எடுப்பது. பெரிய கம்பெனிகள் தொடாத கார்கள் இதில்தான் கிடைக்கும். இரண்டே பந்தயத்தில் ஓடி மறைந்த காரைக் கூட யாராவது ஒருவர் வார்த்து வைத்திருப்பார். ஆனால் ஜிடி40 போல மூன்று வகையிலும் கிடைக்கிற காருக்கு ரெசினை எடுப்பதில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை.

காரணம் வேலை. அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரத் தடவிய எண்ணெய்ப் பசையை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் ப்ரைமர் பிடிக்காது. கோணியிருந்தால் வெந்நீரில் முக்கி நிமிர்த்த வேண்டும். காற்றுக் குமிழ் ஓட்டைகளுக்குப் பட்டி பார்க்க வேண்டும். ஒரு தடவை பார்த்து முடித்தோம் என்று ப்ரைமர் அடித்தால் அது இன்னும் பத்து ஓட்டைகளைக் காட்டிக்கொடுக்கும். நிஜமான பட்டி டிங்கரிங் வேலை! கூரையின் உட்புறத்தைச் சுரண்டி மெலிதாக்கினால் எடை குறையும். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போடுங்கள், முகமூடி இல்லாமல் தொடாதீர்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நல்ல கை வார்த்த ரெசின் பாடியில் கோடுகள் கூர்மையாக இருக்கும், மோதினாலும் தடிப்பான சுவர் தாங்கும். 50-களின் மூக்கு நீண்ட, முன்னால் எஞ்சின் வைத்த கார்களுக்கு இது பொருத்தம். அவை வேகமாகப் போக வேண்டிய கார்களும் இல்லை.

பிளாஸ்டிக் கிட்

என் ஓட்டு இதற்கு. அலமாரியில் வைக்கச் செய்த கிட்டின் பாடியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் சேசிஸையும் எஞ்சினையும் ஒதுக்கிவிடுவது. 1/24-ல் ஃபுஜிமியின் ஜிடி40 இந்த வேலைக்கு ரொம்பப் பிரபலம்: கதவுக் கோடு, காற்றுத் துளை, பின்பக்க வலைப்பகுதி எல்லாம் அச்சிலேயே இருக்கும். 1/32-ல் கிட்கள் குறைவு, பழையவற்றைத் தேட வேண்டும். அல்லது தொழிற்சாலையில் செய்த ஸ்லாட் காரின் வெள்ளை பாடியை வாங்கலாம்.

பாடியைத் தாங்க உட்புறம் பிளாஸ்டிக் குழாயை எபாக்ஸியால் ஒட்டி, அதில் திருகாணி ஏறும்படி செய்ய வேண்டும். திருகாணியை முழுக்க இறுக்காமல் கால் சுற்று தளர்த்தி விடுவது பழைய தந்திரம்: பாடி லேசாக அசைந்தால் சேசிஸின் அதிர்வை அது வாங்கிக்கொள்ளும், கார் வளைவில் துள்ளாது.

இங்கே பெயிண்ட் வழக்கமான வரிசைதான்: ப்ரைமர், நிறம், டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எண், எழுத்துப் படங்கள்), மேல் பூச்சு. கல்ஃப் நீலத்துக்கும் சிவப்புக்கும் வெள்ளை ப்ரைமர் போடுங்கள். சாம்பல் ப்ரைமர் அந்த நிறங்களை அமுக்கிவிடும். மழைக்காலத்தில் லேக்கர் அடித்தால் ஈரம் பட்டு வெண்மூட்டம் கட்டும், வெயில் நாளுக்குக் காத்திருங்கள். டெக்கால் ஒட்டுமுன் பளபளப்பான பூச்சு ஒன்று அவசியம். சொரசொரப்பான பரப்பில் டெக்காலுக்கு அடியில் காற்று தங்கி வெள்ளிப் புள்ளிகளாகத் தெரியும். கடைசிப் பூச்சு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. இரண்டு பாகம் கலந்து அடிக்கும் கிளியர் (நிறமற்ற மேல் பூச்சு) கண்ணாடி போல மின்னும், ஆனால் 1966-ன் பந்தய கார் அப்படி மின்னவில்லை. அதோடு அந்தக் கலவையின் ஆவி ஆபத்தானது, சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது. அரைப் பளபளப்பு போதும். கோடுகளில் மெல்லிய அடர்பழுப்பு ஓட விடுங்கள். கறுப்பு விட்டால் கதவு தனியாகக் கழன்று நிற்பது போலிருக்கும்.

குரோம் வேலைக்கு இரண்டு வழி. ஒட்டும் மெல்லிய உலோகத் தகடு ஜன்னல் விளிம்புக்கு நன்றாக இருக்கும், ஓரத்தைப் புது பிளேடால் வெட்ட வேண்டும். மோலோட்டோவ் குரோம் பேனா சின்னச் சின்ன இடங்களுக்குச் சுலபம், ஆனால் அதன் மேல் கிளியர் பட்டால் குரோம் சாம்பலாகிவிடும். எனவே அதைக் கடைசியில் தொடுங்கள். ஜிடி40-ல் குரோம் அதிகம் இல்லை, ஜாகுவார் ஈ-டைப் கட்டுகிறவர்களுக்குத்தான் இந்தத் தலைவலி.

கிட் பாடியின் எடையைக் குறைக்க வேண்டிய இடம் உள்ளே. கிட்டில் வரும் இருக்கை, டாஷ்போர்டு, தரை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, லெக்சானில் வார்த்த மெல்லிய உட்தட்டு ஒன்றை வைத்து, அதன் மேல் டிரைவரின் தலையும் தோளும் கையும் மட்டும். மோட்டாருக்கும் இடம் கிடைக்கும். தடித்த கண்ணாடிக்குப் பதிலாகவும் மெல்லிய தாளில் வார்த்தது கிடைக்கும். வெளியே கிட்டின் முகம், உள்ளே லெக்சானின் எடை: இரண்டு கட்சியிலும் நல்லதை மட்டும் எடுத்துக்கொண்ட மாதிரி. டிரைவர் தலையைத் தேர்ந்தெடுக்கும்போது வருடத்தைப் பாருங்கள். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டை 1968-ல் டான் கர்னி போட்டுவந்த பிறகுதான் மற்றவர்களும் போட ஆரம்பித்தார்கள். 1966 காருக்குள் அந்தத் தலையை வைத்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண். திறந்த முகம், கண்ணுக்கு காகிள்ஸ், அவ்வளவுதான்.

கிட்டின் பலவீனம் உடைவது. கண்ணாடியைத் தாங்கும் மெல்லிய தூண்கள் முதல் உருளலிலேயே விரிசல் விடும். உட்புறம் தூணை ஒட்டி எபாக்ஸியில் நனைத்த மெல்லிய துணிப் பட்டை ஒன்றை வைத்தால் கொஞ்சம் தாங்கும். பக்கக் கண்ணாடி, ஏரியல் போன்றவற்றை ஒட்டாமல் விடுங்கள், அல்லது ரப்பரில் செய்யுங்கள்.

அப்புறம் சேசிஸ்

பாடி முடிவானபின் இது சுலபம். லெக்சானுக்கு, பித்தளைக் கம்பியும் பியானோ கம்பியும் வளைத்து சால்டர் வைத்த சேசிஸ். பாடி கொடுக்காத எடையை இது தரைக்குப் பக்கத்தில் கொடுக்கும். பியானோ கம்பிக்கு அமில ஃப்ளக்ஸ் வேண்டும், வேலை முடிந்ததும் சோடா மாவுத் தண்ணீரில் கழுவாவிட்டால் சில நாளில் துரு ஏறும். கிட் பாடிக்கு, நீளம் மாற்றக்கூடிய ரெடிமேட் பித்தளை சேசிஸ் போதும், 1/32-ல் 75.4-க்கும் 1/24-ல் 100.5-க்கும் வைத்துத் திருகினால் முடிந்தது. ரெசினுக்கும் பித்தளைதான், மேலே இருக்கும் கனத்தை ஈடுகட்ட. முப்பரிமாண அச்சில் எடுத்த நைலான் சேசிஸ் இப்போது மலிவு, காந்தம் வைத்த பிளாஸ்டிக் ட்ராக்கில் பரவாயில்லை. மர ட்ராக்கில் அது லேசு, காருக்குக் கால் ஊன்றாது.

ஜிடி40 நடுவில் எஞ்சின் வைத்த கார் என்பதால் மோட்டாரைக் காருக்குக் குறுக்கே, பின் அச்சுக்கு இணையாக வைத்தால் டிரைவருக்கு இடம் தாராளம். நேர்வாக்கில் வைப்பது 60-களில் பரவலாக இருந்த முறை, ஆனால் 1/32-ல் 25 மி.மீ. நீள மோட்டார் டிரைவரின் மடியில் வந்து உட்காரும். காலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டுமென்றால் ஒல்லியான மோட்டாரைத் தேடி எடுத்து நேர்வாக்கிலேயே வையுங்கள். கிளப் பந்தயத்துக்கு என்றால் குறுக்கே வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். எதை வைத்தாலும் டயரை உப்புத்தாள் மேல் சுழலவிட்டு வட்டமாக்கிய பிறகே பாடியை மாட்டுங்கள், உயரம் சரியா என்பது அப்போதுதான் தெரியும்.