தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி: காருக்குள் ஏழு வருடச் சத்த வேட்டை

இந்தக் காரை 2018 இல் வாங்கினேன். ஜப்பானில் ஒரு சுற்று ஓடிவிட்டு இங்கே இலங்கையில் வந்து இறங்கிய ரீகண்டிஷன் வண்டி. 1000 சீசீ பெற்றோல் எஞ்சின். வாங்கும்போது மீற்றரில் 41,000 கிலோமீற்றர், இன்று 118,000. எஞ்சினும் கியரும் ஏசியும் நேரத்துக்கு சேர்விஸ் செய்ததோடு சரி, அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த ஏழு வருடங்களில் என் பொறுமையைத் தின்றவை உள்ளே கேட்ட சத்தங்கள்தான்.

எனக்குக் காது கொஞ்சம் கூர்மை. வீட்டில் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். காலி வீதியில் பஸ் ஹோர்ன்களுக்கு நடுவே கேட்காத ஒரு சின்ன டிக்டிக், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிரைவ் வழியே போகும்போது கோயில் மணி மாதிரிக் கேட்கும். மோசமான வீதி வண்டியின் குறைகளை மூடி மறைக்கிறது, நல்ல வீதி காட்டிக்கொடுத்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் "கேட்கிறதா?" என்று கேட்டால் முதலில் இல்லை என்பார். அதன்பிறகு அவருக்கும் அது மட்டும்தான் கேட்கும். என் மனைவி அதற்காக இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

பிடிக்காவிட்டால் விற்றுவிட்டு வேறு வாங்கு என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது; தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் இதை விற்றிருந்தால், அந்தப் பணத்துக்கு இதைவிட வயதான, இதைவிட அதிகமாகக் கிலுகிலுக்கும் ஒரு வண்டிதான் கிடைத்திருக்கும்.

வாங்கிய நாளிலிருந்தே இருந்தது முன்பக்கத்து டொக்டொக். இடது பக்கம், முன் லாச்சிக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். லாச்சியைத் துப்புரவாகக் காலிசெய்தேன். பழைய வருமான அனுமதிப்பத்திரங்கள், ஒரு டோர்ச், யாருடையதென்று தெரியாத ஒரு திறப்பு எல்லாம் வெளியே வந்தன. சத்தம் போகவில்லை, வெறும் பெட்டி என்பதால் இன்னும் கணீரென்று ஒலித்தது. மூடியின் விளிம்பில் வெல்க்ரோ ஒட்டினேன். கீலுக்கு எண்ணெய் விட்டேன். கடதாசி மடித்துச் செருகினேன். நான்கு வருடம் இப்படியே போயிற்று.

துப்புக் கிடைத்தது 2022 ஜூலையில், எரிபொருள் வரிசையில். அப்போது வரிசை நகரும்போது யாரும் எஞ்சினைப் போடுவதில்லை, தள்ளுவோம். நான் வெளியே நின்றபடி வலது ஜன்னலுக்குள் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். முன்பின் தெரியாத இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். முன் சில்லு ஒரு உடைந்த வடிகால் மூடியின் விளிம்பில் இறங்கியது. டொக். எஞ்சின் இல்லை, ஏசி இல்லை, காற்று இல்லை. அந்த ஒற்றை டொக் மட்டும், தனியாக. இவ்வளவு சுத்தமாக அதை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. எஞ்சினோடும் சைலன்சரோடும் இதற்குச் சம்பந்தமில்லை, தொங்கிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று ஆடி எதிலோ இடிக்கிறது என்பது அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று ஆனபின், சத்தம் தேடி வீதி வீதியாக ஓட்டிப்பார்க்கவும் வழியில்லை. ஆகவே நிறுத்திய வண்டியிலேயே தேடினேன்.

லாச்சியைக் கழற்றுவது என் வண்டியில் சுலபம். முழுதாகத் திறந்து, இரண்டு பக்கச் சுவரையும் உள்நோக்கி அழுத்தினால் தடுப்புகள் விலகித் தொப்பென்று மடியில் விழும். அந்தப் பொந்துக்குள் கையை விட்டு நடுப்பக்கமாகத் துழாவினேன். ரேடியோவின் முதுகுக்குப் பின்னால், ஒரு வயரின் நுனியில், தீப்பெட்டி அளவில் ஏதோ ஆடியது. விரலால் தட்டிவிட்டேன். டொக். நான்கு வருடப் பகையாளியை உள்ளங்கையில் பிடித்திருந்தேன்.

அது அலைவரிசை மாற்றும் பெட்டி. ஜப்பானில் எஃப்எம் 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கும். அந்த வண்டிகளில் வரும் பழைய ரேடியோக்கள் 90 வரைதான் பிடிக்கும். நம்முடைய எஃப்எம் 108 வரை போகிறது. அதனால் இங்கே வந்தபின் ஒன்றில் ரேடியோவையே மாற்றுவார்கள், அல்லது அன்டெனா வயருக்கும் ரேடியோவுக்கும் நடுவில் இந்தப் பெட்டியைச் செருகுவார்கள். செருகியவர் அதை எங்கும் கட்டவில்லை, அப்படியே தொங்கவிட்டுவிட்டார். அது ஆடிப் போய் இடித்தது ஏசிக் காற்றுக் குழாயில். குழாய் சத்தத்தை இடது பக்கம் கொண்டுபோயிற்று, வெற்று லாச்சி அதை மத்தளம் போலப் பெருக்கிற்று. கண்ணாடிகளாலும் பிளாஸ்டிக்காலும் அடைத்த கூண்டில் சத்தம் பட்டுத் தெறிப்பதால் காது திசையைத் தவறாகச் சொல்லும்; இதில் இரண்டடி தள்ளிச் சொல்லியிருக்கிறது. பெட்டியில் துணி டேப்பைச் சுற்றி, தடித்த வயர்க் கட்டோடு ஒரு கேபிள் டையால் இறுக்கினேன். வேலை நான்கு நிமிடம்.

கிராண்ட்பாஸில் எனக்குத் தெரிந்த ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார். இந்தக் கதையைச் சொன்னபோது சிரிக்கவில்லை. "தம்பி, சத்தம் எங்கே என்று தேடாதீர்கள். கடைசியாக அந்த இடத்தைக் கழற்றியது யார் என்று தேடுங்கள்" என்றார். பிறகு யோசித்துப் பார்த்தால், என் காரில் பிடிபட்ட சத்தங்களில் பெரும்பாலானவை யாரோ ஒருவர் திறந்து மூடிய இடத்தில்தான் இருந்திருக்கின்றன. முன் கண்ணாடி மாற்றிய பிறகு வைப்பருக்குக் கீழே ஒரு நொறுநொறு வந்தது. போனெட்டைத் திறந்து பார்த்தால் அந்தக் கறுப்பு மூடியில் ஏழு கிளிப் இருக்கவேண்டிய இடத்தில் நான்கு. பூட்டுப் பழுதுபார்த்த பின்கதவில் ஒரு மெல்லிய சலசலப்பு. உள்ளே பூட்டுக் கம்பியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கொக்கி திரும்ப மாட்டப்படவே இல்லை. கழற்றும்போது ஒரு கிளிப் உடைந்தால் அதுதான் அடுத்த மாதத்துச் சத்தம். பஞ்சிகாவத்தையில் ஒரு பை நிறையக் கிளிப் வாங்கி வைத்திருக்கிறேன். திருகாணி முடுக்கியால் நெம்பாமல், இதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் நெம்பியால் நெம்பினால் பாதி கிளிப்புகள் பிழைத்துக்கொள்ளும்.

என் சொந்தக் குற்றங்களும் உண்டு. பின்சீட்டுச் சந்தில் இரண்டு பத்து ரூபாய்க் குற்றிகள். டிக்கிக்குக் கீழே சரியாக முடுக்காமல் விட்ட ஜாக்கி. யாரும் உட்காராத முன்சீட்டின் சீட் பெல்ட் நாக்கு கதவுத் தூணில் தட்டியதை என் மகள் கண்டுபிடித்தாள், அதுவும் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமலேயே. நான் அதற்காகக் கூரைத் துணியைக் கழற்றும் யோசனையில் இருந்தேன்.

கிறீச்சிடும் சத்தம் வேறு. இடைவெளி விட்ட இரண்டு பொருள்கள் மோதினால் டொக்டொக். நெருக்கிப் பிடித்த இரண்டு பரப்புகள் ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டும்போது கிறீச். முன்னதை முடுக்க வேண்டும் அல்லது இடையில் துணி வைக்க வேண்டும். பின்னதற்கு வழுக்கல் வேண்டும். என் வண்டியில் வெயில் நாட்களில், மேடு பள்ளத்தில் ஏறும்போதெல்லாம் கதவுகளின் பீடிங் ரப்பர் கிறீச்சிட்டது. மழையில் நனைந்தால் ஊமையாகிவிடும். அதிலிருந்துதான் ரப்பர் என்று பிடித்தேன். ஆனால் பூசியது தேங்காய் எண்ணெய். மூன்று நாள் சொர்க்கம். நான்காம் நாள் காலி வீதியின் தூசி முழுவதும் அதில் ஒட்டி, கதவைத் திறக்கும்போதெல்லாம் வாழைப்பழத் தோல் உரிக்கும் ஓசை. மனைவியின் சேலை ஓரத்தில் கறுப்புக் கோடு. பெற்றோலிய கிரீஸ் இன்னும் மோசம், ரப்பரை ஊதி உப்பச்செய்துவிடும். சவர்க்கார நீரில் கழுவித் துடைத்து, சிலிக்கோன் கிரீஸை விரல் நுனியில் எடுத்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குப் பூசினேன். வருடத்துக்கு ஒரு தடவை போதும்.

பணம் போன கதை 2023 இல். இருபது, முப்பது கிலோமீற்றர் வேகத்தில் சின்னச் சின்னக் குழிகளில் முன்னாலிருந்து கடகட. ஒரு கராஜில் காட்டினேன். முன் ஷொக் அப்சோர்பர் இரண்டும் போய்விட்டது என்றார்கள்; கூலியோடு 78,000 ரூபாய். மாற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கராஜ் வாசலில் இருந்த முதல் குழியிலேயே கடகட. திரும்பிப் போய்ச் சொன்னேன். புதுசு, பழகச் சில நாள் ஆகும் என்றார்கள். செருப்புக்குச் சொல்லும் சமாதானம்!

மறுபடி கிராண்ட்பாஸ். பெரியவர் எதையும் கழற்றவில்லை. பக்கத்து ஒழுங்கையின் வேகத்தடையில் என்னை நேராக ஏறச் சொன்னார். சத்தமில்லை. திரும்பி வந்து, அதே தடையில் சாய்வாக, ஒரு சில்லு முதலில் ஏறும்படி ஓட்டச் சொன்னார். கடகட. "ஸ்டெபிலைசர் லிங்க்" என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையை வைத்தார்.

இரண்டு முன் சில்லுகளையும் ஒரு வளைந்த கம்பி இணைக்கிறது. வளைவுகளில் வண்டி சாயாமல் பிடிப்பது அதன் வேலை. இரண்டு சில்லும் ஒன்றாக ஏறினால் கம்பி சும்மா சுழலும், அதன் நுனிகளில் உள்ள லிங்குகளுக்குப் பாரமில்லை. ஒரு சில்லு மட்டும் ஏறும்போதுதான் லிங்க் இழுபடும். தேய்ந்த பந்து மூட்டு அப்போது தட்டும். உறுதி செய்ய இரண்டு லிங்கையும் கழற்றிக் கட்டிவைத்து இருநூறு மீற்றர் மெதுவாக ஓட்டிக் காட்டினார்: பூனை நடப்பதுபோலப் போயிற்று. புது லிங்க் இரண்டும் 11,500 ரூபாய். அந்த ஷொக் அப்சோர்பர்கள் இன்னும் நன்றாகத்தான் இருக்கின்றன, பழையவையும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

வீதிச் சத்தமா எஞ்சின் சத்தமா என்று முதலில் பிரிப்பதுதான் அரைவாசி வேலை. வரிசையில் தள்ளியபோது எஞ்சின் இல்லாமல் வீதி மட்டும் பேசியது. அதையே தலைகீழாகவும் செய்யலாம்: வண்டியை நிறுத்தி, பிரேக்கைப் பிடித்து, நியூட்ரலில் அக்ஸிலரேட்டரை மெதுமெதுவாக மிதித்துக்கொண்டு போனால், ஒவ்வொரு தடவையும் ஒரே ஆர்பிஎம்மில் மட்டும் சிர்ர் என்று ஒன்று பாடினால் அது எஞ்சின் பக்கம். எனக்கு அது பாடியது, 1,800 இல். சைலன்சருக்கு மேலே வெப்பம் தடுக்கும் மெல்லிய தகடு ஒன்று உண்டு. கடற்கரையிலிருந்து கூப்பிடுதூரத்தில் வண்டியை நிறுத்துபவர்களுக்கு உப்புக் காற்று என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது, அதைச் சுற்றியிருந்த தகடு துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. பழைய சோனகத் தெருவில் வாங்கிய பெரிய ஹோஸ் கிளிப் ஒன்றால் தகட்டையும் குழாயையும் சேர்த்து இறுக்கினேன். அழகாக இல்லை. அதைக் குனிந்து பார்ப்பவர் யாருமில்லை.

இதே வேட்டையில் தற்செயலாகத் தெரிந்த ஒன்று: டயர்களில் காற்று 40 இருந்தது. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணை 33 என்கிறது. காற்றைச் சரிசெய்தவுடன், பெயர் வைத்துத் தேடிக்கொண்டிருந்த இரண்டு சத்தங்கள் தாமாகவே போய்விட்டன. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

ஒன்று மட்டும் மீதி. முன் கண்ணாடிக்கு வலது பக்கத்துத் தூண், சரியாக என் காதுக்குப் பக்கத்தில். கொழும்புக் கோட்டையில் வெயிலில் நின்ற வண்டியை மூன்று, நான்கு மணிக்கு எடுத்தால் டிக், டிக் என்று பிளாஸ்டிக் மூடி சுருங்கும்போது தட்டுகிறது. எங்கே என்று எனக்குத் தெரியும். உள்ளங்கையால் அழுத்தினால் நின்றுவிடும், விட்டால் தொடங்கும். ஆனால் அந்த மூடிக்குப் பின்னால் மடிந்திருப்பது பக்கவாட்டு எயார்பேக். அதற்குள் துணியோ பசையோ பஞ்சோ திணித்தால், வேண்டிய நேரத்தில் அது விரிய வேண்டிய பாதையை நானே அடைத்தவனாவேன். பற்றரியைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்து, மூடியை எடுத்துப் புதுக் கிளிப் போட்டுத்தான் மூட வேண்டும், அதையும் அறிந்தவர் செய்யட்டும் என்று பெரியவர் சொல்லிவிட்டார். என் மொடலுக்கு அந்தக் கிளிப் பஞ்சிகாவத்தையில் இன்னும் கிடைக்கவில்லை. பழைய வண்டியிலிருந்து கழற்றியதைத் தருகிறோம் என்கிறார்கள், வேண்டாமென்று வந்துவிட்டேன்.

நேற்றுப் பின்னேரமும் கேட்டது. காலி முகத்திடலைத் தாண்டும்போது தொடங்கியது, ஏசி குளிர்ந்து பம்பலப்பிட்டிக்கு வரும்போது நின்றுவிட்டது.