மென் எனாமலா, வன் எனாமலா?

கிளிநொச்சிப் பக்கத்தில் எங்கள் பாடசாலையின் மாணவத் தலைவர்களுக்குச் சட்டையில் குத்தும் சின்னம் செய்விக்கும் பொறுப்பைப் பழைய மாணவர் சங்கம் என் தலையில் கட்டியது. ஒரு பனை, ஒரு நெற்கதிர், பின்னால் நீலத்தில் குளம். முதல் தடவை விலையை மட்டும் பார்த்து இரும்புத் தகட்டில் மென் எனாமல் வாங்கினோம். எனாமல் என்றால் தகட்டின் பள்ளங்களில் நிரப்பும் நிறப்பிசின். மாரி தொடங்கி இரண்டு கிழமைக்குள் வெள்ளைச் சட்டைகளில் துருக்கறை. தாய்மார் என்னைக் கண்டால் பேசுவதில்லை, சட்டையைக் காட்டுவார்கள்.

அடுத்த தடவை மாதிரிகளை மேசையில் பரப்பி நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.

மென், வன் என்ற இரண்டு வகைக்கும் தொடக்கம் ஒன்றுதான். படத்தைச் செதுக்கிய உருக்கு அச்சால் உலோகத் தகட்டை ஓங்கி அழுத்துவார்கள். கோடுகள் வரம்பாக எழும். நிறம் நிற்க வேண்டிய இடங்கள் வயலாகப் பதியும். மென் எனாமலில் முதலில் முலாம், பிறகு ஊசியால் நிறம், பிறகு சூளை. காய்ந்த நிறம் வரம்புக்குக் கீழே இறங்கி நிற்பதால் விரல் வைத்தால் மேடுபள்ளம் தெரியும். வன் எனாமலில் வரம்புக்கு மேலே வழிய நிறம் நிரப்பி, இறுக வைத்து, தட்டையாகும் வரை தேய்க்கிறார்கள். முலாம் முன்பே பூசியிருந்தால் இந்தத் தேய்ப்பில் போய்விடும். ஆகவே அது கடைசியில்தான். முலாம் பூசுவது மின்சாரத்தால். நிறப்பிசினில் மின்சாரம் பாயாது என்பதால் முலாம் உலோகக் கோடுகளில் மட்டும் ஒட்டுகிறது.

அழகுக்கு என்றால் என் வாக்கு மென் எனாமலுக்கு. பனையின் கோடுகள் வெயிலில் எழுந்து மின்னும். ஆனால் கிரவல் வீதியில் சைக்கிள் ஓட்டி வரும் பிள்ளையின் நெஞ்சில் அந்தப் பள்ளங்கள் புழுதிக்கிடங்கு. மேலே எபொக்சி என்ற தெளிந்த பிசினைப் பூசலாம். நாளடைவில் வெயில் அதை மஞ்சளாக்கிவிடும். வன் எனாமலைக் கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்தால் போதும். விலை கூடத்தான்.

கண்ணாடித் தூளைச் செம்பில் வைத்து 800 பாகை செல்சியஸ் அளவில் சுடும் க்ளுவாசொனே நமக்கு எட்டாத ஆடம்பரம். புகைப்படம் போல நிறம் கரைந்து போக வேண்டுமானால் அச்சிட்ட தகடு. விளையாட்டுப் போட்டிக்கு, தாளை மெல்லிய தகட்டில் மடித்து அழுத்தும் வட்டப் பட்ஜ் தாராளம். 1896இல் அமெரிக்காவின் வைட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனம் காப்புரிமை பெற்ற பழைய உத்தி அது.

பின்பக்கத்தையும் பாருங்கள். ஊசியில் மாட்டும், இரு சிறகுள்ள வண்ணத்துப்பூச்சிப் பிடி கழன்று தொலையும். றப்பர் பிடி பரவாயில்லை. ஆசிரியைகளின் பட்டுச்சேலைக்குக் காந்தம் நல்லது, ஓட்டை விழாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு மட்டும் அது கூடாது.

இம்முறை பித்தளையில் வன் எனாமல். பொதி வந்ததும் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. இரும்பில்லை என்று நிம்மதி. மெல்லிய கோடுகள் அச்சில் நிற்காது என்பதால் பனையோலையின் பன்னிரண்டு கீற்றுகளை ஏழாகக் குறைக்க வேண்டியிருந்தது. படத்தை வரைந்த சித்திர ஆசிரியர் இன்னும் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.