மலையகத்தில் பச்சிளங்குழந்தையை ஒப்படைக்கும் வழி: ஒரு மதிப்பீடு

வளர்க்க முடியாத நிலையில் பிள்ளை பெறும் தாய்க்கு நம் இலங்கையில் இருக்கும் சட்டபூர்வமான வழி ஆஸ்பத்திரியும் நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களமும்தான். பிள்ளையின் உயிரைக் காப்பதில் அது நல்ல சேவை. தாயின் இரகசியத்தைக் காப்பதில் அரைகுறை.

முதற்படி 1929. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். இரவிலும் எடுப்பார்கள், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். பிரசவத்துக்கு முன்பே அழைப்பது நல்லது. தோட்டத்து கிளினிக்குக்குப் போனால் லயம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயந்து பல பெண்கள் எங்குமே போவதில்லை. பிரஷர், இரத்தப் பரிசோதனை எதுவும் பார்க்காமல் வலி வந்த பிறகே வருகிறார்கள். இந்தச் சேவையின் பெரிய ஓட்டை இதுதான். நுவரெலியா, டிக்கோயா, நாவலப்பிட்டி, பதுளை போன்ற அரச ஆஸ்பத்திரிகளுக்கு நேரே போகலாம். கிளினிக் அட்டை இல்லையே என்று தயங்கவே வேண்டாம்.

வார்டில் டாக்டரிடமோ சிஸ்டரிடமோ தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "என்னால் பிள்ளையை வளர்க்க முடியாது, நன்னடத்தை அதிகாரியைப் பார்க்க வேண்டும்." அதன்பின் நீதிமன்றம் வழியாகப் பிள்ளை பராமரிப்புக்குப் போகும்; 1941ஆம் ஆண்டு மகவேற்பு (தத்தெடுப்பு) கட்டளைச்சட்டப்படி வேறு பெற்றோர் கிடைப்பார்கள். சொல்லாமல் வார்டைவிட்டுப் போனால் கதை வேறு. 12 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கைவிட்டால் தண்டனைச் சட்டக்கோவையின் 308ஆம் பிரிவில் ஏழு வருடம்வரை சிறை. எந்த இடத்தில் விட்டாலும் அதே பிரிவுதான். தாய்க்கு 16 வயது ஆகாவிட்டால் பொலிஸ் விசாரணையும் வரும். அதை முன்கூட்டியே சொல்லிவைப்பதே நேர்மை.

பிறப்புப் பதிவில் தாயின் பெயர் இருக்கும். திருமணமாகாதவர் என்றால் தகப்பன் பெயர் கட்டாயமில்லை. "பிள்ளையில்லாத குடும்பம் ஒன்று இருக்கிறது, அவர்கள் பெயரையே கொடுத்துவிடு" என்று வரும் தரகர் பேச்சைக் கேட்கவே கூடாது. அது பொய்ப் பதிவு. நீதிமன்ற அனுமதியில்லாமல் பணம் கைமாறுவதும் குற்றம். பின்னாளில் பிள்ளை தன் வேரைத் தேடினால் ஒரு காகிதமும் மிஞ்சாது.

வீட்டிலேயே பிறந்துவிட்டால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். அது வரும்வரை பிள்ளையைத் துடைத்து, தலையை மூடி, தாயின் வெறும் நெஞ்சில் படுக்கவைத்துப் போர்த்துங்கள். ஈரப் பிள்ளை நுவரெலியாக் குளிரில் சீக்கிரம் விறைத்துவிடும். தொப்புள்கொடியை இழுக்க வேண்டாம், வீட்டுக் கத்தியால் வெட்டவும் வேண்டாம்.

பச்சிளங்குழந்தையைக் குறித்த இடத்தில் பாதுகாப்பாக ஒப்படைக்கும் தாயைத் தண்டிக்காத சட்டம் ஒன்றை அமெரிக்காவில் 1999இல் டெக்சஸ் தொடங்கியது; அது 2008க்குள் 50 மாநிலங்களுக்கும் பரவியது. அங்கே சில இடங்களில் சுவரில் சூடான பெட்டி இருக்கிறது. பிள்ளையை வைத்ததும் மணி அடிக்கும், வெளிக்கதவு தானே பூட்டிக்கொள்ளும். ஆனால் தனியே பிள்ளை பெறும் தாயின் இரத்தப்போக்கை எந்தப் பெட்டியும் நிறுத்தாது. நமக்குப் பொருந்துவது ஜேர்மனியின் 2014ஆம் ஆண்டு முறை. தாய் புனைபெயரில் ஆஸ்பத்திரியில் பெறுகிறாள்; உண்மைப் பெயர் முத்திரையிட்ட உறையில் இருக்கும், பிள்ளை 16 வயதில் கேட்கலாம். இங்கே அதைக் கொண்டுவர, ஆஸ்பத்திரி ஊழியர் கையில் ஒப்படைப்பது கைவிடல் ஆகாது என்று 308இல் ஒரு விதிவிலக்கு முதலில் எழுதப்பட வேண்டும்.