படங்களை வகை பிரிக்க: மனிதக் கண்ணா, கணினியா?

குவியலாகக் கிடக்கும் படங்களைப் பிரிக்க ஆட்களை உட்காரவைப்பதா, கணினியைப் பழக்குவதா என்று குழம்புபவர்களுக்காக இது.

கற்றுக்கொள்ள
மனிதர்: ஒன்றிரண்டு படம் போதும். ஒட்டகச்சிவிங்கியை ஒருமுறை பார்த்த குழந்தை, அடுத்தமுறை கோட்டோவியத்திலும் அதைக் கண்டுபிடித்துவிடும்.
கணினி: வகை குறித்த படங்களின் பெருந்தொகுப்பான இமேஜ்நெட்டை வைத்து 2012இல் நடந்த போட்டியில் வென்ற அலெக்ஸ்நெட் என்ற நிரல், 1,000 வகைகளைக் கற்க சுமார் 12 லட்சம் படங்களை விழுங்கியது. இப்போது ஏற்கெனவே பழகிய மாடலை (இப்படிப் படங்களில் கற்ற நிரலை) எடுத்து, குறைந்த படங்களிலேயே நம் வேலைக்குத் திருப்பிக்கொள்ளலாம்.

வேகம்
மனிதர்: கண் சோரும், கவனம் சிதறும்.
கணினி: சோர்வே இல்லை.

பிழை
உண்மையான வித்தியாசம் இங்கேதான். நாம் உருவத்தைப் பார்க்கிறோம். கணினி பெரும்பாலும் மேற்பரப்பைப் பிடித்துக்கொள்கிறது. பூனையின் உருவத்துக்கு யானைத் தோலைப் போர்த்திக் காட்டிய சோதனையில் மனிதர்கள் பூனை என்றார்கள். இமேஜ்நெட்டில் பழகிய கணினி மாடல் யானை என்றது. படத்தின் புள்ளிகளை (பிக்சல்களை) கண்ணுக்கே தெரியாத அளவு திட்டமிட்டு மாற்றினாலும் அது தடம் மாறும், அதுவும் முழு நம்பிக்கையோடு! சரி, நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மேகத்தில் முகம் பார்ப்போம்; அரிதாக வரும் ஒன்றைத் தேடும்போது அது கண்ணெதிரே இருந்தும் தவறவிடுவோம்.

வகைகள் மாறாமல், படங்கள் லட்சக்கணக்கில் இருந்தால் கணினி. வகைகளே இன்னும் முடிவாகவில்லை, படமும் கொஞ்சம்தான் என்றால் மனிதர். தவறு நடந்தால் ஆபத்து என்ற வேலையில் முதல் சுற்றுப் பிரிப்பைக் கணினியிடம் விட்டாலும், சந்தேகமானவற்றோடு அது உறுதியாகச் சொன்னவற்றிலும் சிலவற்றை ஆள் பார்க்க வேண்டும்.