சம்பா லைசென்ஸ்னு காசு கேட்டா குடுத்துடாதீங்க

மன்னார்குடி பக்கம் உரக்கடை வெச்சிருக்கோம், கடையும் குடோனும் சேத்து 9 சிஸ்டம், எல்லாம் விண்டோஸ். ஃபைலெல்லாம் ஒரே எடத்துல இருக்கட்டும்னு தஞ்சாவூர்லேர்ந்து ஒருத்தர வரவெச்சோம், அவரு ஒரு லினக்ஸ் சர்வர், அதாவது விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்ல ஓடுற பொது கம்ப்யூட்டர் போட்டு, அதுல இருக்கற ஃபைலு எல்லா சிஸ்டத்துலயும் இசட் டிரைவா வர்ற மாதிரி பண்ணிக் குடுத்தாரு. பில்லுல "சம்பா லைசென்ஸ், 9 சிஸ்டம், 25,200"னு ஒரு வரி. அப்பா கண்ணாடியப் போட்டுப் பாத்துட்டு, சம்பாவுக்கு விதை நெல்லுதானடா வாங்குவோம், லைசென்ஸ் எதுக்குன்னாரு. நான் சிரிச்சுட்டு செக் குடுத்துட்டேன்.

அப்பா கேட்டதுதாங்க கேள்வி. பில்லுல இருக்கற சம்பா, லினக்ஸ் சர்வர்ல இருக்கற ஃபைல விண்டோஸ் சிஸ்டத்துக்குப் பகிர்ந்து குடுக்கற இலவச சாஃப்ட்வேர், 1992லேர்ந்து இருக்கு, எத்தன சிஸ்டத்துக்கு வேணா போட்டுக்கலாம். வந்து செட் பண்ண கூலி கேளு, தாராளமா தரேன், லைசென்ஸ்னு வருஷா வருஷம் கேட்டா அதுக்குப் பேரு என்ன?

போன வருஷம் புது லேப்டாப் வாங்குனோம், அதுல மட்டும் இசட் டிரைவ் வரல. ஃபோன் பண்ணா லேப்டாப்தான் சரியில்ல மாத்துங்கன்னாரு. பொங்கலுக்கு வந்த அக்கா பையன் பாத்துட்டுத் தலைல அடிச்சுக்கிட்டான். சர்வர எஸ்எம்பி1ங்கற பழைய ஃபைல் பகிர்ற முறைல மட்டும் மத்த சிஸ்டத்தோட பேசற மாதிரி வெச்சிருக்காரு மாமா, 2017ல வானாக்ரை வைரஸ் பரவுனதே அந்த ஓட்டை வழியாத்தான், அதுக்கப்புறம் வர்ற விண்டோஸ்ல அத எடுத்தே வெச்சுட்டாங்கன்னான். மத்த 9 சிஸ்டத்துலயும் இவரே அத திரும்ப ஆன் பண்ணி விட்டிருக்காரு! போதாததுக்கு பாஸ்வேர்டே கெடையாது, கெஸ்ட்டா யாரு வேணா உள்ள போயி எத வேணா அழிக்கலாம்.

அழிச்சுட்டாங்க அதான் விஷயம். கடைப் பையன் தெரியாம விவசாயிங்க கடன் கணக்கு ஃபோல்டர டெலிட் பண்ணிட்டான், நெட்வொர்க் டிரைவ்ல அழிச்சா ரீசைக்கிள் பின்னுக்கும் வராதாம். பேக்கப் இருக்குன்னு சொன்னீங்களேன்னு அந்த தஞ்சாவூர்க்காரர்கிட்ட கேட்டா ரெண்டு டிஸ்க் இருக்குல்லங்கறாரு. அது ரெய்டு 1, ஒண்ணுல எழுதுறது அப்படியே இன்னொண்ணுலயும் எழுதும், ஒண்ணுல அழிஞ்சா ரெண்டுலயும் அழியும். டிஸ்க் செத்தா காப்பாத்தும், பையன் கை பட்டா காப்பாத்தாது.

சர்வர்ல எத வேணா மாத்தறதுக்கான ரூட் பாஸ்வேர்டையும் அவரு தரவே இல்ல, கம்பெனி ரகசியமாம். எங்க சர்வர், எங்க காசு! அக்கா பையன் சிஸ்டத்த ரீபூட் பண்ணி ஏதோ வழியா உள்ள போயி மாத்துனான், ஆளுக்கொரு யூசர் பாஸ்வேர்டு, எஸ்எம்பி2ங்கற அடுத்த முறைக்குக் கீழ பேசாதுன்னு செட்டிங்ல ஒரு வரி, ராத்திரி ராத்திரி வேற ஒரு டிஸ்க்குக்குக் காப்பி. அரை நாள் வேலை. புது லேப்டாப்லயும் இசட் டிரைவ் வந்துருச்சு.

வேல குடுக்கறவங்க ரூட் பாஸ்வேர்ட எழுதி வாங்கிட்டு மீதிக் காசக் குடுங்க, அழிச்ச ஃபைல் ஒண்ண கண்ணு முன்னால திரும்ப எடுத்துக் காட்டச் சொல்லுங்க.

கணக்கு பாதிக்கு மேல சீட்டப் பாத்து ஏத்திட்டோம். சீட்டு இல்லாத 11 பேரு இருக்காங்க, தை அறுப்பு முடிஞ்சு அவங்களா வந்து இவ்வளவு தரணும்னு சொன்னாத்தான் எங்களுக்கே தெரியும்.